பட்டுப்போன ஐந்து மரங்கள்

காலை ஏழு மணிக்குப் பிணத்தை முதலில் பார்த்தவள் குழந்தைக் காப்பகத்து அக்கா. மனிதப் பிணம் இல்லை. மரம். ஐந்து மரங்கள், ஒரே வரிசையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்ற வாக்கிலேயே செத்திருந்தன.

மூன்று மாதமாகவே அவை மஞ்சளடித்து, கொஞ்சம் கொஞ்சமாய் இலை கொட்டிக்கொண்டுதான் இருந்தன. தண்ணீர் போதவில்லை என்றார்கள் சிலர். வெயில் என்றார்கள் சிலர். முந்தின ராத்திரி அடித்த காற்றில் மிச்சமிருந்த காய்ந்த இலையெல்லாம் உதிர்ந்துபோனது. விடிந்து பார்த்தால் பச்சைச் சுவரில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் லாரி, பஸ், மேம்பாலத் தூண், புகை.

அக்கா காப்பகத்தைத் திறந்து ஜன்னல் திரையைத் தொட்டாள். நேற்றுத் துவைத்துப் போட்ட வெள்ளைத் திரை. விரலில் மை மாதிரி ஒட்டிக்கொண்டது. அவள் அலறவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு நேரே குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உங்க வேலி செத்துப்போச்சு, வந்து பாருங்க."

அது வெறும் வேலி இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டிப் புதுசாய்க் கட்டிய அந்தக் குடியிருப்புக்கு அனுமதி கொடுத்தபோதே நகராட்சி கறாராய்ச் சொல்லிவிட்டது. ரோட்டுப் பக்கம் அடர்த்தியாய் மரவேலி வேண்டும், குறைந்தது இரண்டு ஆள் உயரத்துக்கு, நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. ரோட்டுப் பக்க ஜன்னல்களைச் சாத்தியே வைக்க வேண்டும். வேலி இல்லையென்றால் பின்னால் கட்டி முடித்த இரண்டாவது கட்டடத்துக்குச் சாவி கிடையாது. சாவிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் தினமும் சங்கத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தன.

எட்டரை மணிக்குப் போலீஸ் நிலையத்தில் புகார். புகாரிலேயே குற்றவாளியின் பெயரும் இருந்தது. தோட்டக்காரர்.

*

சப் இன்ஸ்பெக்டர் புகாரை இரண்டு முறை படித்தாள். அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தனி ஆள். காவலர் குடியிருப்பில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகள். நிலையத்தில் அவளைப் பார்த்துச் சிரிப்பவர் ஒருவர்தான், 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கிய கான்ஸ்டபிள். வாயை மூடத் தெரியாதவர்.

"அஞ்சு கொலை மேடம்! ஒரே ராத்திரியில அஞ்சு! பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லட்டுமா?"

"ஜீப்பை எடுங்க."

"போஸ்ட்மார்ட்டம் யாரு பண்றது, விறகுக் கடையா?"

அவள் சிரிக்கவில்லை. கல் உடைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா கடைசி வருஷங்களில் படுத்துத் தூங்கியதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் மூச்சை இழுத்தார். தூசியைப் பற்றி யாரும் அவளுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்கு அவள் வேலியருகே நின்றபோது பாதிக் குடியிருப்பு கூடிவிட்டது.

"தோட்டக்காரன்தான் மேடம்," என்றார் செயலாளர். "என் காரைக் கழுவச் சொன்னேன். மாட்டேன்னான். நாலு பேர் முன்னாடி திட்டினேன். 'இந்த வேலி எப்படி நிக்குதுன்னு பார்க்கிறேன்'னு சொல்லிட்டுப் போனான். எல்லாரும் கேட்டாங்க. நாளைக்குள்ள பம்பு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

பம்பு அறை வாசலில் தோட்டக்காரரின் மனைவி பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு அந்த அறையை விட்டால் வேறு கூரை இல்லை.

"அவன் செய்யலைம்மா."

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல். அறுபது வயதிருக்கும். ஒல்லி, ஆனால் மணிக்கட்டுகள் மட்டும் தடித்தவை.

"நீங்க?"

"முதல் மாடி, கடைசி வீடு."

"அவர் செய்யலைன்னு எப்படித் தெரியும்?"

"பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தான். அவனுக்குக் கை வராது." சொல்லிவிட்டு ஒரு முறை இருமினார். பிறகு கூட்டத்துக்குள் மறைந்துகொண்டார்.

மொத்தக் குடியிருப்பில் தோட்டக்காரருக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

*

ரேடியோ மண்ணை முகர்ந்தார். "ஆசிட் மேடம். இல்லன்னா களைக்கொல்லி. வேருல ஊத்திட்டான்."

"கீழ பாருங்க."

பட்டுப்போன மரங்களின் அடியில் புல் தளதளவென்று நின்றது. ஒரு கீரைச் செடிகூட முளைத்திருந்தது.

"விஷம் ஊத்தினா புல்லுதான் முதல்ல சாகும்," என்றாள். "மண்வெட்டி கொடுங்க."

அவளே குனிந்து நடு மரத்தின் அடியில் மண்ணை விலக்கினாள். ஒரு சாண் ஆழத்தில் காரணம் தெரிந்தது. தண்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சீவி எடுத்திருந்தார்கள். சீவிய பள்ளத்தில், மேலும் கீழும் பட்டை கூடிவிடாதபடி, கட்டுக்கம்பியை இறுக்கிச் சுற்றி முறுக்கியிருந்தது. மேலே பழைய மண்ணையே பரப்பி மெழுகினாற்போல் மூடியிருந்தது. ஐந்திலும் அதே வேலை.

"கழுத்தை நெரிச்சிருக்கான்!" ரேடியோவின் குரல் முதல் முறையாகத் தணிந்தது.

அவள் கம்பியைச் சுற்றி விரலை ஓட்டினாள். முழு வட்டம். எங்கும் குத்தவில்லை. எழுந்தவள் பிடிமானத்துக்காகப் பக்கத்து மரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த குச்சியைப் பற்றினாள். அதைக் கட்டியிருந்த கம்பியின் முனை கட்டைவிரலைக் கிழித்துவிட்டது.

"ஸ்ஸ்..."

"ரத்தம் மேடம்."

"பரவாயில்லை." விரலை வாயில் வைத்துக்கொண்டு குச்சியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

*

தோட்டக்காரர் பம்பு அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கம்பி உன்னதா?"

"என்னதுதாம்மா. சுருள் அதோ கிடக்கு. இந்த ரூமுக்குப் பூட்டே கிடையாது. யாரு வேணாலும் எடுக்கலாம்."

"முட்டுக்குச்சியெல்லாம் கட்டினது யாரு?"

"நான்தான். கன்னு வெச்சப்போ ஒவ்வொண்ணுக்கும் கட்டினேன்."

"வேலி எப்படி நிக்குதுன்னு பார்க்கிறேன்னு சொன்னியா?"

"சொன்னேன். வாய் நீளம் எனக்கு. நான் போயிட்டா யாரு தண்ணி விடுவா, எப்படி நிக்கும்னு கேட்டேன். அப்படித்தான் சொன்னேன். சத்தியமா." அவர் மனைவி சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, "இந்த வாயாலதான் தெருவுல நிக்கப்போறோம்," என்றாள்.

அடுத்தது இரண்டாவது மாடி. செத்த மரங்களுக்கு நேர் பின்னால், காப்பகத்துக்கு மேலே இருக்கிற வீடு. அந்த வீட்டுக்காரருக்கு 'வெளிச்சக்காரர்' என்று பெயர். சங்கக் கூட்டம் எதிலும் எழுந்து, வெளிச்சம் இல்லை, மரத்தை வெட்டு என்று கத்துவார்.

"கத்தினது நான்தான். கொன்னது நான் இல்லை," என்றார் கதவைத் திறந்ததுமே.

"இன்னும் கேள்வியே கேட்கலையே."

"எல்லாரும் கேட்டுட்டாங்க. காலையில என் மாமியாரே கேட்டாங்க."

அவள் ஜன்னலருகே போனாள். நேர் கீழே அந்த ஓட்டை. நேர் எதிரே மேம்பாலத் தூண், யானை கணக்காய், கிழிந்த சுவரொட்டிகளோடு. பார்வைக்கு வேறு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் உயிரோடிருந்த மரங்களின் நுனி ஜன்னல் விளிம்பைத் தொடவே இல்லை. ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது.

"மரம் உங்க ஜன்னலை மறைக்கவே இல்லையே. அப்புறம் எதுக்குக் கத்துனீங்க?"

"தூணை இடிக்கச் சொல்லிக் கத்தினா யாரு கேட்பா?"

ரேடியோ சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய்விட்டார்.

மாடிப்படியில் செயலாளர் கூடவே இறங்கினார். "அந்தக் கடைசி வீட்டு ஆளையும் விசாரிங்க மேடம். கிறுக்கு. உள் பக்கம் முற்றத்தைப் பார்த்த வீடு அவருக்குக் கிடைச்சது. அதுக்கு இந்த ஊரே அடிச்சுக்குது, அங்கதான் காத்து சுத்தம். அவர் என்னடான்னா ரோட்டுப் பக்கம் மாத்திக்கொடுங்கன்னு வந்து நின்னாரு. குழந்தை குட்டி இல்லாத ஆளு, புகையைக் குடிச்சுட்டுப் போகட்டும்னு மாத்திவிட்டோம்."

"எப்போ?"

"குடிவந்த புதுசுல. மரமெல்லாம் அப்போ இடுப்பளவுதான்."

*

கடைசி வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி இருந்தன. நாற்காலி ஜன்னலோரம் கிடந்தது, சுவருக்கு முதுகைக் கொடுத்து, ஜன்னலைக் கோணலாய்ப் பார்த்தபடி. உட்காரச் சொல்லி அவர் அதைத் திருப்பிப் போட்டார். அவள் உட்காரவில்லை. இன்னொரு நாற்காலி இல்லாத வீட்டில் வீட்டுக்காரரை நிற்க வைத்து உட்காருவது அவளுக்குப் பிடிக்காது. அவள் வீட்டிலும் நாற்காலி ஒன்றுதான்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமாம்மா."

"பிள்ளைங்க?"

"இருக்காங்க. தூரத்துல."

"என்ன வேலை பார்த்தீங்க?"

"கட்டட வேலை. அதோ, அந்தப் பாலத்துலகூட என் கை பட்டிருக்கு." ஜன்னலுக்கு நேர் எதிரே உயிருள்ள மரங்கள் பச்சையாய் மறைத்து நின்றன. பாலம் தெரியவில்லை. ஆனாலும் அவர் கை சரியான திசையைத்தான் காட்டியது.

"எதுக்கு ரோட்டுப் பக்கம் மாத்திக்கிட்டீங்க?"

"வண்டிச் சத்தம் வேணும்மா. காலம் பூரா சத்தத்துலயே இருந்தவன். அமைதியா இருந்தா பயமா இருக்கு."

இது பொய்யென்று அவளுக்குத் தோன்றவில்லை. அவளும் சில ராத்திரி ரேடியோவுக்குப் போன் போட்டு, ஒன்றுமில்லாத விஷயத்தை விசாரித்துவிட்டு வைப்பாள்.

அறையின் குறுக்கே துணி காயப்போடக் கம்பி ஒன்று ஓடியது. அவள் தோள் பட்டு ஒரு துண்டு கீழே விழுந்தது. எடுத்து, ஜன்னல் கிராதியில் கட்டியிருந்த முடிச்சின் மேலேயே போட்டு இழுத்துவிட்டாள். பழைய நூல் பிரிந்த துண்டு. ஒரு இழைகூடச் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"இருமல் ஜாஸ்தியா இருக்கே. ஜன்னலைச் சாத்திக்கக் கூடாதா?"

"சாத்தினா கண்ணாடியில கரி பிடிச்சுக்குதும்மா," என்றார்.

*

மதியம் அவள் ரோட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்த தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். நிறுத்தம் ஓட்டைக்கு நேர் எதிரே இல்லை. தூணைத் தாண்டி வலது பக்கம் தள்ளி இருந்தது.

"உங்களுக்கும் அந்த வேலி மேல கோபம்னு சொன்னாங்களே," என்றாள் கடைக்காரரிடம்.

"இருந்துச்சு மேடம். முன்னாடி மாடியில இருந்தே 'நாலு டீ'ன்னு குரல் கொடுப்பாங்க, நான் மதில்மேல வைப்பேன். மரம் வளர்ந்து வியாபாரம் போச்சு. அதுக்காக மதில் ஏறிக் குதிச்சு மண்ணைத் தோண்டுற உடம்பா இது?" தொப்பையைத் தட்டிக் காட்டினார். "இப்போ ஓட்டை விழுந்தும் ஒருத்தனும் கூப்பிடலை. இங்கிருந்து பார்த்தா அந்த ஒரு ஜன்னல்தான் தெரியுது. அந்த மனுஷன் டீ குடிக்கிறதில்லை."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

காலையிலிருந்து எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்த்திருந்தார்கள், அவளையும் சேர்த்து. செத்த மரத்துக்கு நேர் பின்னால் யார் வீடு என்று. நேராய்ப் பார்க்கிறவனுக்குக் கிடைப்பது ஒரு தூண். நேராய்ப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மரத்தைக் கொன்றால் போதும். ஐந்து எதற்கு?

சாய்வாய்ப் பார்க்க.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து, நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே. அங்கிருந்து ஓட்டை வழியாகக் கட்டடத்தைப் பார்த்தாள். காப்பகம் தெரியவில்லை. வெளிச்சக்காரர் வீடு தெரியவில்லை. பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு ஜன்னல், சட்டம் போட்ட படம் மாதிரி.

ஹாரன் அடித்தது. "ஓரமா நில்லுங்க மேடம், வண்டி எடுக்கணும்," என்றாள் ஓட்டுநர் இருக்கையில் இருந்த பெண்.

*

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காப்பகத்தில் கூட்டம். பெரியவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. செயலாளரும் வெளிச்சக்காரரும் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். தோட்டக்காரர் மனைவியோடு வாசலில் நின்றார். கடைசி வீட்டுக்காரர் சுவரோரம். மூலையில் ஒரு குழந்தை அக்காவின் மடியில் படுத்து, மூக்கில் மருந்துப் புகைக் கருவியோடு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கூட்டிப்போக இன்னும் யாரும் வரவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் நான்கு குச்சிகளையும் நான்கு துண்டு கட்டுக்கம்பிகளையும் கொடுத்தாள்.

"இதைக் குச்சியில சுத்தி இறுக்கிக் கட்டுங்க. அவ்வளவுதான்."

"என்ன மேடம் இது, கைவேலை வகுப்பா?" என்றார் செயலாளர். "எனக்குச் செருப்பு வாரே ஒழுங்கா மாட்ட வராது." அவர் கம்பியைக் கயிறு மாதிரி முடி போடப் பார்த்து விரலைக் கீறிக்கொண்டார். வெளிச்சக்காரர் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாக்கினார். தோட்டக்காரர் இரண்டு முறுக்கு முறுக்கி, முனையை அப்படியே விட்டார். அது முள்ளாய் நீட்டிக்கொண்டு நின்றது.

கடைசி வீட்டுக்காரர் கம்பியை வாங்கினார். விரல்கள் தாமாய் ஓடின. ஒரு சுற்று, இழுப்பு, அரை முறுக்கு, ஒரு முறுக்கு. பிறகு கட்டைவிரலால் முனையை மடக்கி உள்ளே அழுத்தினார். முடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

அவிழ்த்திருக்கலாம். நேரம் இருந்தது. அவிழ்க்கவில்லை. குச்சியை அவளிடம் நீட்டினார்.

அவள் முடிச்சில் விரலை ஓட்டினாள். எங்கும் குத்தவில்லை.

"மண்ணுக்குள்ள இருந்த அஞ்சு கட்டும் இதே கட்டு," என்றாள். "கம்பி தோட்டக்காரரோடது. கட்டு அவரோடது இல்லை. அவர் கட்டினா கை கிழியும், காலையில எனக்குக் கிழிஞ்சது. கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுறவங்கதான் முனையை உள்ள மடக்குவாங்க. வெளிய நீட்டிக்கிட்டிருந்தா பூச்சைத் தாண்டித் துருப்பிடிக்கும். காலம் பூரா மடக்கின விரல், மரத்தைக் கொல்றப்போகூட மடக்கிடுச்சு. வீட்டுல துணிக்கம்பியிலயும் அதே மடிப்பு."

குச்சியைச் செயலாளர் மடியில் வைத்தாள்.

"ரெண்டாவது, அந்த ஓட்டை. அது பின்னால இருக்கிற வீட்டுக்காகப் போட்டது இல்லை. கோணலா, கடைசி ஜன்னல்ல இருந்து பஸ் நிறுத்தத்தைப் பார்க்கப் போட்டது. நாற்காலியும் அந்தக் கோணத்துலதான் கிடக்கு. மரம் இடுப்பளவு இருந்தப்போ கேட்டு வாங்கின வீடு அது. மரம் வளர்ந்தது, மறைச்சிடுச்சு." அவள் அவரிடம் திரும்பினாள். "என்னத்தைப் பார்க்கன்னுதான் எனக்குத் தெரியலை. நீங்கதான் சொல்லணும்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என் மக ஓட்டுற பஸ்ஸும்மா."

"நடந்து போய் நிறுத்தத்துல நின்னு பார்த்திருக்கலாமே!" என்றார் வெளிச்சக்காரர். "ரோட்டைத் தாண்டினா நிறுத்தம்!"

"நின்னா என்னைப் பார்ப்பா. என் முகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ. அவளுக்குத் தெரியாம நான் பார்க்கணும். கண்ணாடி போட்டிருக்காளா, இளைச்சிருக்காளான்னு... அவ்வளவுதான்."

அக்கா மடியில் இருந்த குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நீங்க மகளைப் பார்த்தீங்க. இது மூணு மாசமா புகையைக் குடிக்குது. மேல இருந்து இதை நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"முதல்ல எதனாலன்னு தெரியாது. அப்புறம் தெரிஞ்சது." அவர் குரல் உடையவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "தெரிஞ்ச பிறகும் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

வாசலில் தோட்டக்காரரின் மனைவி சாக்கைத் தூக்கிக்கொண்டு பம்பு அறைக்குத் திரும்பி நடந்தாள். சிறிது நேரத்தில் அங்கே பாத்திரங்களைத் திரும்ப அடுக்கும் சத்தம் கேட்டது. செயலாளர் குட்டி நாற்காலியிலிருந்து எழ முடியாமல் எழுந்து, "நாளைக்கு மீதி மரத்துக்குத் தண்ணி விட்டுடுப்பா," என்றார் தோட்டக்காரரிடம். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

கடைசி வீட்டுக்காரர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை நீட்டும்போது மெதுவாய்க் கேட்டார். "அவகிட்ட கேட்காதீங்கம்மா. கேஸ்ல அவ பேரு வேண்டாம்."

"நீங்க சொன்னது உண்மையான்னு பார்க்கணும். பார்த்துத்தான் ஆகணும்."

*

மறுநாள் காலை அவள் அந்த பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போனாள். பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றாள். நேற்று ஹாரன் அடித்த அதே பெண். தடித்த மணிக்கட்டு.

சப் இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னாள். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"எந்த ஜன்னல்னு எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில்.

"தெரியுமா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். மரமெல்லாம் குட்டையா இருந்தப்போ தினமும் அங்க ஒரு ஆளு உட்கார்ந்திருப்பாரு. உட்கார்ற விதத்துலயே தெரிஞ்சுபோச்சு. அந்த நிறுத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்குவேன்." அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் வைத்துக்கொண்டாள். "அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நாங்க போட்ட போனை எடுக்கலை. கான்கிரீட் போடுற நாளாம், நகர முடியாதாம். அம்மா செத்து மூணு நாள் கழிச்சு வந்தாரு. கையில ஒரு பை நிறையப் பழம். நோயாளிக்கு. அந்தப் பையோட வாசல்ல நின்னதை என்னால மறக்க முடியலை மேடம். மறக்கப் பார்த்தேன்."

"மரம் வளர்ந்தப்போ?"

"நிம்மதியா இருந்துச்சு. அந்த நிறுத்தத்துல சாதாரணமா வண்டியை நிறுத்தினேன், எடுத்தேன். போன மாசம் இலை கொட்டக் கொட்ட மறுபடியும் அந்த ஜன்னல்." அவள் சாவியைத் திருகினாள். "டிப்போவுல எழுதிக் கொடுத்துட்டேன். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேற ரூட்டு. இதுக்கு வேற ஆளு வருவாங்க."

"எந்த ரூட்டு?"

சொன்னாள். சாட்சி விவரத்துக்கு வேண்டுமே என்று சப் இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் ஏறாமல் நிலையத்துக்கு நடந்தே போனாள். வழியில் ரேடியோ போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

*

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அது நடக்கிற வேகத்தில் நடக்கட்டும், ஓட்டையை அதுவரை திறந்து வைக்க முடியாது என்று நகராட்சி அந்த வாரமே வளர்ந்த மரங்களாகவே ஐந்து அனுப்பியது. குழி தோண்டுவதைத் தானே செய்வதாகக் கடைசி வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். தோட்டக்காரர் மறுக்கவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

சனிக்கிழமை முற்பகல் அவள் போனபோது நான்கு மரங்களை நட்டாகிவிட்டது. ஐந்தாவதற்கு இடுப்பளவு குழி. உள்ளே அவர். இருமி இருமித் தோண்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களாம்மா அவளை?"

"பார்த்தேன்."

"என்ன சொன்னா?"

பொய் சொல்ல அவளுக்கு வழி இருந்தது. 'நல்லா இருக்காங்க' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொன்னால் இந்த மனிதர் இன்னொரு ஜன்னல் தேடுவார் என்று நினைத்தாள்.

"அவங்களுக்கு முதல்லேயே தெரியும். நீங்க உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்திருக்காங்க. மரம் மறைச்சப்போ நிம்மதியா இருந்ததுன்னு சொன்னாங்க. இலை கொட்டினதும் எழுதிக் கொடுத்துட்டாங்க. திங்கட்கிழமையிலிருந்து இந்த ரூட்டுல வர மாட்டாங்க."

மண்வெட்டி நின்றது. ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போனது. புகை மீதமிருந்த இடைவெளி வழியே உள்ளே வந்து, குழியின் மேலாகக் காப்பகத்தின் பக்கம் போனது. அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எந்த ரூட்டும்மா மாத்தியிருக்காங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள். "சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார். உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் மண்ணை வெட்டத் தொடங்கினார்.